கை மாறிய இடம்

என் அக்கா பூவம்மாள் தறியில் உட்காரும் பலகையை ஒரே வருடத்தில் மூன்று முறை பின்னுக்குத் தள்ளிப் போட்டாள். மூன்று முறையும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். மூன்று முறையும் சிரித்தேன்.

அவளுடையது குழித்தறி. செவிலிமேட்டில் அவளும் கணவரும் கட்டிய வீட்டின் முன் அறை முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி போட இடம் கிடையாது. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். விளிம்பில் ஒரு பலகை, அதன்மேல் உட்கார வேண்டும். நெய்த துணியைச் சுருட்டும் படமரம் மடிக்கு மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் குறுக்கே கிடக்கும். முப்பது வருடமாக அவள் வயிற்றுக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளி அடைந்துபோனதும் பலகையைத் தள்ளினாள். மறுபடி அடைந்தது. மறுபடி தள்ளினாள்.

"இன்னாக்கா, மாமா ஊட்டிக்கினே இருக்காரா?" என்று பக்கத்து வீட்டு ஜீவிதா ஜன்னல் வழியாகக் கேட்பாள்.

"ஊட்டிட்டாலும்! அந்தாளுக்கு நாடாவையே நேரா தள்ளத் தெரியல, சோத்தை எங்க நேரா ஊட்டப் போறாரு."

அந்தாள் என்பது என் மாமா பரசுராமன், அக்காவின் கணவர். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் வலது கரைக்கு, குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடா தனியாக வேண்டும். அதைத் தள்ளுவதற்கு நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். மற்ற வீடுகளில் கணவன் நெய்வான், மனைவி பக்கத்தில் உட்காருவாள். எங்கள் வீட்டில் தலைகீழ். மாமாவுக்குக் கை நிதானம் போதாது என்று கல்யாணமான இரண்டாவது வருடமே அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவரும் மேல்முறையீடு செய்யவில்லை. தெருவில் கேலி பேசினார்கள். "பேசறவன் வந்து பொடவையைப் பார்த்துட்டுப் பேசட்டும்" என்பாள்.

அவளுடைய புடவையைப் பற்றி அவளுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சிக்குன்குன்யா வந்த வருடம் ஆறு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பாதியில் நிற்கும் புடவையைப் பார்த்து மனசு கேட்காமல் மாமா ஒரு சாண் நெய்துவைத்தார். ஏழாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். உட்கார்ந்து, அந்த ஒரு சாண் ஊடையையும் இழை இழையாகப் பிரித்து எடுத்தாள். இரண்டு நாள் ஆயிற்று.

"இழையை அடிச்ச அடி வேற மாதிரி இருக்குது. கை மாறினா தெரியும்டி" என்றாள் என்னிடம்.

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உனக்குத் தெரியாது. நெசவாளர் சங்கத்துல பொடவை பாக்கறவனுக்குத் தெரியும். தொட்ட உடனே சொல்லிடுவான், எங்க கை மாறிச்சுன்னு."

இதுதான் அவள். காய்ச்சலோடு ஒரு சாண் பட்டைப் பிரித்தவள், தன் வயிறு ஏன் படமரத்தில் இடிக்கிறது என்று ஒரு வருடம் யோசிக்கவில்லை. நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். சினைப்பைப் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியவள். நானும் யோசிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயில் வயிறு நிறைகிறது என்றாள். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது, குழியிலிருந்து ஏறி இறங்கியே முழங்கால் போகிறது என்று திட்டினாள். வயசாகிறது இல்லையா, ஐம்பத்து மூன்று ஆகிறது இல்லையா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம்.

மூன்றாம் முறை பலகையைத் தள்ளிய வாரத்தில் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. அப்போதுதான் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன். இடது சினைப்பையில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி.

முதலில் பார்த்த டாக்டர் ஏஞ்சல் நிதானமாகப் பேசக்கூடியவர். ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வெறும் தண்ணி நிறைஞ்ச கட்டின்னா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன்மா. இது உள்ள தடுப்பு தடுப்பா இருக்கு. ஒரு ஓரத்துல சதை மாதிரி வளர்ந்திருக்கு. தீட்டு நின்னு நாலு வருஷம் ஆச்சுங்கறீங்க. ரத்தத்துல சிஏ 125ன்னு ஒண்ணு பார்ப்போம், அதுவும் கொஞ்சம் கூட இருக்கு. கேன்சர்னு நான் சொல்லல. இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது. வெளியில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப எடுத்துடுங்க" என்றாள் அக்கா.

"எப்படி எடுக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. இதை உடையாம முழுசா எடுக்கணும். அதுக்கு வயித்தைத் திறக்கணும். துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில எடுத்தா இவ்வளவு பெரிசு அந்தத் துளை வழியா வராது. பைக்குள்ள போட்டு, தண்ணியை உறிஞ்சி, சுருக்கி இழுக்கணும். நடுவுல கிழிஞ்சா உள்ள இருக்கறது வயித்துக்குள்ள கொட்டும். சாதாரணக் கட்டியா இருந்தா கழுவி விட்டுடலாம். கேன்சரா இருந்து அது கொட்டிச்சுன்னா அப்புறம் வைத்தியமே வேற. துளை போடறது தப்புன்னு நினைக்காதீங்க. எத்தனையோ பேருக்கு நானே அப்படித்தான் செய்யறேன். இந்தக் கட்டிக்கு வேண்டாம். காரப்பேட்டை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். புற்றுநோய் பார்க்கற டாக்டர் ஒருத்தர் கூட இருந்து செய்யட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் சொல்ல முடியாது. அக்கா கவனமாகக் கேட்டாள். பிறகு கேள்வி கேட்டாள்.

"வயித்தைத் திறந்தா எத்தனை நாள்ல தறியில உக்காரலாம்?"

"மூணு மாசமாவது வயித்துல எதுவும் அழுத்தக் கூடாது."

"துளை போட்டா?"

"மூணு வாரம் ஆகும். அம்மா, நான் கட்டியைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"நான் படமரத்தைப் பத்திப் பேசறேன்மா."

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நாங்கள் போட்ட சண்டையை அங்கிருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"காரப்பேட்டைக்கு நான் வர மாட்டேன். அங்க பஸ்ஸை விட்டு இறங்கினாலே இன்னா நோவுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா தெரியட்டுமே!"

"பிரேம்நாத்துக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். ஆயாவுக்கு, அம்மாவுக்கு இன்னா வியாதின்னு மொத கேள்வியே அதான் கேக்கறாங்க. உனக்கு இன்னா, ஆபீஸ்ல உக்காந்துக்கினு பேசுவ."

பிரேம்நாத் அவளுடைய ஒரே மகன். ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. அவனுக்கு போன் செய்தால் அவன் பங்குக்கு, "சித்தி, இப்ப எல்லாமே லேப்ராஸ்கோப்பிதான். வீடியோவுல பார்த்தேன். மினிமம் பெயின், ரெண்டே நாள்ல டிஸ்சார்ஜ்" என்றான். ஜீவிதா தன் பித்தப்பைக் கல்லை எடுத்த நர்சிங் ஹோமின் பெயரைச் சொன்னாள். நைட்டியை விலக்கித் தழும்பையும் காட்டினாள். கொசு கடித்த மாதிரி மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியைப் பார்த்ததும் அக்கா முடிவு செய்துவிட்டாள். ஜீவிதாவுக்கு எடுத்தது கல், உனக்கு இருப்பது என்னவென்றே தெரியாத கட்டி என்று நான் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

அந்த நர்சிங் ஹோம் டாக்டர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். "தாராளமா பண்ணலாம்" என்றார். ரத்தப் பரிசோதனைத் தாளை நான் நீட்டினேன். "இது எதுக்கு வேணாலும் ஏறும்மா. பயப்படாதீங்க" என்றார். சிஏ 125 வேறு காரணங்களுக்கும் ஏறும்தான். அது பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

உடனே செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. தறியில் ஒன்றரைப் புடவை மீதி இருந்தது. நெடுக்கு நூலான பாவை ஒரு தடவை ஏற்றினால் மூன்று புடவை. அதை அறுத்து இறக்கிவிட்டுத்தான் வருவேன் என்றாள். நாற்பது நாள். வயிற்றில் ஒன்பது சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு, தள்ளிப் போட்ட பலகையில் நுனியில் உட்கார்ந்து, எட்டி எட்டி அடித்து அந்த ஒன்றரைப் புடவையை முடித்தாள். கரையில் ஒரு இழை பிசகவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளில் உறவினர் கையெழுத்து கேட்டார்கள். கட்டி உடைய நேரலாம், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. மாமா கண்ணாடி கொண்டுவரவில்லை. நான்தான் முழுக்கப் படித்தேன். நான்தான் கையெழுத்தும் போட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து காட்டினாள். காற்று இறங்கிய பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்தது. பின்னாலேயே டாக்டர் வந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எடுக்கும்போது கொஞ்சம் கிழிஞ்சுது. நல்லா கழுவிட்டோம். பார்த்தா சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கு. பயாப்சிக்கு அனுப்பறோம், அது ஒரு ஃபார்மாலிட்டி."

மாமா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கிழிந்தது என்றால் எங்கே கிழிந்தது, பைக்குள்ளா வயிற்றுக்குள்ளா என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவள் கேட்காமல் இருந்தால் அது வேறு.

அக்கா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தெருவே வந்து பார்த்தது. மூன்று சின்ன பிளாஸ்திரிகளைக் காட்டி, "இவ்ளோதான். இதுக்குப் போய் என் தங்கச்சி காரப்பேட்டைக்கு இட்டுக்கினு போவ இருந்தா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜீவிதா ஏதோ தானே ஆபரேஷன் செய்த மாதிரி நின்றாள்.

பயாப்சி அறிக்கை பத்து நாளில் வரும் என்றார்கள். பதினோராம் நாள் போன் செய்தேன். லேபில் கேளுங்கள் என்றார்கள். லேபில், நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். நர்சிங் ஹோமில், அதைப் பார்க்கிறவர் லீவு என்றார்கள். நான் விட்டு விட்டு அலைந்தேன். ஃபார்மாலிட்டிதானே. இருபத்து மூன்றாம் நாள் நானே போய் நின்று வாங்கினேன். கவரைப் பிரித்து மாடிப்படியிலேயே படித்தேன். அந்த வார்த்தை நான்காவது வரியில் இருந்தது. கட்டியின் மேல்தோல் கிழிந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும் எழுதியிருந்தார்கள்.

டாக்டர் இந்த முறை ஜன்னல் வெளிச்சத்தில் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. "உடனே காரப்பேட்டைக்குப் போயிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் ஏஞ்சல் சொன்ன அதே ஊர்.

மாமாவும் நானும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தையை மட்டும் அவகிட்ட சொல்லிடாதமா. சொன்னா அன்னிக்கே உடைஞ்சு போயிடுவா."

எங்கள் குடும்பத்தில் அது ஒரு சட்டம். அப்பாவுக்கு வந்தபோது அவரிடம் சொல்லவில்லை. அத்தைக்கு வந்தபோது சொல்லவில்லை. நோயாளியைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் படித்தவள், இதெல்லாம் தப்பு என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவள். மாமாவிடம் சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போனால் தறியில் சத்தம் கேட்டது. மூன்று வாரம் முடிந்துவிட்டது என்று முந்தின நாளே புதுப் பாவு ஏற்றியிருந்தாள். பலகை பழைய இடத்துக்கு வந்திருந்தது. படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"இன்னா சொன்னான் உன் லேபுகாரன்?"

"ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் சந்தேகமா இருக்குதாம். காரப்பேட்டையில ஒரு தடவை காட்டிடச் சொல்றாங்க" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினேன்.

"சந்தேகம்தானே? பாவு ஏத்தியாச்சு. மூணு பொடவை. முடிச்சிட்டு வரேன்."

"நடுவுல ஒருநாள் போயிட்டு வந்துடலாம்கா."

"ஒருநாள்ல விடுவானா? அந்த டெஸ்ட்டு, இந்த டெஸ்ட்டுன்னு இழுப்பான். அதுக்குள்ள இந்தாளு நெய்யறேன்னு உக்காந்துடுவாரு. கை மாறிச்சுன்னா தெரியும்டி."

வாராவாரம் சொன்னேன். வாராவாரம் மெதுவாகச் சொன்னேன். மாமா கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்ப்பார், சொல்லிவிடாதே என்பதுபோல. முதல் புடவையை அறுத்தாள். வைகாசியில் வரதர் கருட சேவைக்கு இந்தத் தடவையாவது போகலாம் என்று மாமா கூப்பிட்டார்; வர மாட்டேன் என்று இரண்டாவதை நெய்தாள். அதை அறுத்த அன்றைக்கு நான் போனபோது மாமா சுத்தியலோடு குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பலகையை மறுபடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நான்காவது முறை.

அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் குடம் மாதிரி உப்பியிருந்தது.

நான் கத்தினேன். "அது கேன்சர்க்கா! கேன்சர்! ரெண்டு மாசமா உன்கிட்ட சொல்லாம வெச்சிருக்கோம். பொடவையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், கிளம்பு!"

ஜன்னலில் ஜீவிதாவின் தலை தெரிந்து உடனே மறைந்தது. மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அழவில்லை. அவள் முகத்தில் வந்தது கோபம்தான்.

"அதையா ரெண்டு மாசமா வாயில வெச்சிக்கினு இருந்த?"

மறுநாள் கிளம்பினோம். பஸ்ஸில்தான் வருவேன் என்றாள். ஆட்டோ போய் நின்றால் எல்லாரும் பார்ப்பார்களாம். கண்டக்டர், "காரப்பேட்டை, ஆஸ்பத்திரி எல்லாம் இறங்கு" என்று கத்தினார். நான் எழுந்தேன். அவள் எழவில்லை. எதிர் சீட்டில் செவிலிமேட்டுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வயிறு நிறைய நீரோடு, வெயிலில் நடந்தே திரும்பி வந்தாள். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். பேசியிருந்தால் ரோட்டிலேயே அடித்துக்கொண்டிருப்போம்.

அங்கே பார்த்த டாக்டர் எல்லாத் தாளையும் வரிசையாக வைத்துப் படித்தார். அக்காவை வெளியே உட்காரச் சொல்லவில்லை. அவளிடமே சொன்னார். வயிற்றின் உறைமேல் பரவியிருக்கிறது, நீர் சேர்ந்திருக்கிறது, முதலில் மருந்து, பிறகு பார்த்து ஆபரேஷன். அன்றைக்கே திறந்து முழுசாக எடுத்திருந்தால் தப்பித்திருப்பாளா என்று நான் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. உடையாம வந்திருந்தா ஆரம்பக் கட்டத்துலயே நின்னிருக்கலாம். முன்னாடியே வெளிய வந்திருக்கவும் செய்யலாம். கிழிஞ்சதுக்கு அப்புறம் உடனே வந்திருந்தாலும் மருந்து குடுத்திருப்போம்" என்றார். எல்லா வாக்கியமும் 'லாம்' என்று முடிந்தது. கோபப்படுவதற்குக்கூட ஒரு உறுதியான இடம் கிடைக்கவில்லை.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், ஊசி குத்திய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"ஏண்டி, நீ எதுக்கெடுத்தாலும் என்கிட்ட கத்துவியே. உப்பு ஜாஸ்தின்னா கத்துவ. செருப்பை வாசல்ல விட்டா கத்துவ. அன்னிக்கு மட்டும் ஏன் கத்தல?"

நான் போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"நீ மெதுவா சொன்ன. சரி, பெருசா ஒண்ணும் இல்ல, இருந்தா இவ இந்நேரம் கூரையைப் பிச்சிருப்பாளேன்னு நெனச்சேன்."

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு."

"அவரு சொன்னாருன்னா? அவரு பேச்சை நான் என்னிக்கு கேட்டேன், நீ என்னிக்கு கேட்ட? அன்னிக்குப் பாத்துத்தான் கேக்கணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் சிரித்தார். எனக்கு எழுந்து போய் அந்த நர்சிங் ஹோமின் மாடிப்படியில் மறுபடி நின்று, மறுபடி அந்தக் கவரைப் பிரிக்க வேண்டும்போல் இருந்தது.

மூன்றாவது புடவை தறியிலேயே இருந்தது. ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. உடம்பு தேறிய நாட்களில் மாமா அவளைத் தாங்கிப் பிடித்துக் குழியில் இறக்குவார். நாலு விரல் நெய்வாள், ஒரு நாள் அதுவும் இல்லை. பலகை இப்போது முன்னுக்கு வந்திருந்தது, பழைய இடத்தையும் தாண்டி. அவ்வளவு இளைத்துவிட்டாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று அந்தப் புடவை ஊர்ந்துகொண்டிருந்தது. பங்குனி பிறந்து ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். பிரேம்நாத்துக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண் வீட்டார் எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருவருக்கு இருந்ததாம். "இதுக்கா பஸ்ஸுல ஒளிஞ்சீங்க?" என்று அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சங்கத்திலிருந்து வருத்தம் விசாரிக்க வந்தவர்கள், போகும்போது தயங்கித் தயங்கி அந்தப் புடவையைப் பற்றிக் கேட்டார்கள். பட்டு அவர்களுடையது. பாதியில் வெட்டி எறிய முடியாது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கங்கையம்மாள் வந்து மீதியை நெய்து கொடுத்தார். கெட்டிக்காரர்தான். மாமா வழக்கம்போல வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். யாரும் அவரைத் திட்டவில்லை. மிதிச் சத்தம் மட்டும் கேட்டது.

கங்கையம்மாள் உட்காருவதற்கு முன்னால் நான் வேட்டியை விலக்கிப் பார்த்து, அக்கா நிறுத்திய இடத்தை மனதில் வைத்துக்கொண்டேன். பதினான்காவது புட்டா வரிசை முடிந்து, இரண்டு விரல்.

சங்கத்தில் புடவை பார்ப்பவன் வசந்த். முப்பது வயதுகூட இருக்காது. இந்த வசந்த்தும், இவனுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துதான் அக்கா ஒரு சாண் பட்டைப் பிரித்தாள். நாற்பது நாள் தள்ளினாள். பிறகு இரண்டு மாதம் தள்ளினாள். மாமாவும் நானும் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவன் ட்யூப் லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்தான். முந்தானையிலிருந்து தொடங்கினான். உள்ளங்கையைத் துணியின் மேல் ஓட்டிக்கொண்டே வந்தான். நான் புட்டா வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பன்னிரண்டு. பதினான்கு. அவன் கை அந்த இரண்டு விரலைத் தாண்டியது. பதினைந்து. பதினாறு. நிற்கவில்லை.

திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தான். அங்கேயும் நிற்கவில்லை.

"பூவம்மாக்கா கை, பாக்கவே வேணாம்" என்று மடிக்க ஆரம்பித்தான். "அந்த அடி வேற யாருக்கும் வராதுப்பா. இந்த ஊர்ல எங்க வெச்சாலும் நான் சொல்லிடுவேன்."

என் வாய் திறந்துவிட்டது. மாமா தொண்டையைக் கனைத்தார். நான் மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து அவர் டிவிஎஸ் வண்டியின் ஸ்டாண்டை எடுத்தார்.

"அவ இருந்திருந்தா, 'குருட்டுப் பயலே, நல்லா பாருடா'ன்னு மறுபடியும் விரிக்க வெச்சிருப்பா."

"ஆமா மாமா."

"எனக்கும் தெரியலமா" என்றார். "பக்கத்துலயே உக்காந்து நாடா தள்ளினேன். எங்க அவ விட்டா, எங்க அந்தம்மா தொட்டுதுன்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரிந்தது. வரிசையை எண்ணி வைத்திருந்ததால் தெரிந்தது.